மூன்று பெயர் கொண்ட சாலை

ஜனவரி 26. புதுடில்லியில் குளிர் விலகாத காலை நேரம். கம்பளி ஆடை அணிந்த மக்கள் விடிவதற்கு முன்பே வந்து, ஓர் அகன்ற சாலையின் இருபுறமும் இடம் பிடித்து அமர்கிறார்கள். குடியரசுத் தலைவர் வந்ததும் தேசியக் கொடி ஏற்றப்படுகிறது. 21 பீரங்கிக் குண்டுகள் முழங்குகின்றன. முப்படையினர் அணிவகுக்கின்றனர். மாநிலங்களின் அலங்கார ஊர்திகள் வரிசையாக வருகின்றன. பள்ளி மாணவர்களின் நடனங்கள் தொடர்கின்றன. மேற்கே ரைசினா குன்றின்மீது குடியரசுத் தலைவர் மாளிகையும், கிழக்கே ‘இந்தியா கேட்’ எனப்படும் நினைவு வளைவும் இக்காட்சியின் இரு எல்லைகளாக நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவு.

இந்தச் சாலையின் இன்றைய பெயர் ‘கர்த்தவ்ய பாத்’. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் வரை இதற்கு ‘ராஜ்பாத்’ என்று பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில் இதன் பெயர் ‘கிங்ஸ்வே’. நூறு ஆண்டுகளைச் சற்றே கடந்த வாழ்வில் ஒரே சாலைக்கு மூன்று பெயர்கள் வாய்த்தது எப்படி? ஒவ்வொரு பெயர் மாற்றத்தின்போதும் சாலையில் எது மாறியது, எது மாறவில்லை? இக்கேள்விகளுக்கு விடை தேடினால், ஒரு நாட்டின் வரலாற்றையே அச்சாலையில் படித்துவிடலாம்.

தலைநகர் இடம் மாறுகிறது

1911ஆம் ஆண்டு வரை பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகர் கல்கத்தா. 1905இல் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அதை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அந்நியத் துணிகளைப் புறக்கணிக்கும் சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியது. கல்கத்தாவில் இருந்துகொண்டு ஆட்சி நடத்துவது ஆங்கிலேயருக்குக் கடினமாகிவிட்டது. மேலும், கல்கத்தா இந்தியாவின் கிழக்கு ஓரத்தில் அமைந்திருந்தது. டில்லியோ பல பேரரசுகள் வீற்றிருந்த பழம்பெரும் நகரம். அங்கே அமர்ந்தால் முகலாயப் பேரரசர்களின் வாரிசுகளாகத் தங்களைக் காட்டிக்கொள்ளலாம் என்று ஆங்கிலேயர் எண்ணினர்.

1911 டிசம்பர் 12ஆம் நாள் டில்லியில் நடந்த மாபெரும் தர்பாரில், மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தலைநகர் மாற்றத்தை அறிவித்தார். அதே அவையில் வங்காளப் பிரிவினையும் கைவிடப்பட்டது. மூன்று நாள்கள் கழித்து, தர்பார் நடந்த வடபகுதியிலேயே புதிய நகரத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால், நகரமைப்புக் குழுவினர் ஆராய்ந்து பார்த்தபோது அந்த இடம் பொருத்தமாகப் படவில்லை. தெற்கே இருந்த ரைசினா குன்றையே அவர்கள் தேர்ந்தெடுத்தனர். நாட்டப்பட்ட அடிக்கற்களும் பின்னர் அங்கே கொண்டு செல்லப்பட்டன.

அந்தக் குன்று வெற்றிடமாக இருக்கவில்லை. ரைசினா, மால்ச்சா முதலிய சிற்றூர்கள் அங்கே இருந்தன. நில எடுப்புச் சட்டத்தின்கீழ் அவ்வூர் உழவர்களின் வயல்களும் வீடுகளும் எடுத்துக்கொள்ளப்பட்டன. ரைசினா என்ற பெயர் குன்றின் பெயராக இன்றும் நிலைத்திருக்கிறது. அங்கு உழுது வாழ்ந்தவர்களோ வேறிடம் தேடிச் சென்றுவிட்டார்கள்.

அரசனுக்காக ஒரு நேர்கோடு

புதிய தலைநகரை வடிவமைக்கும் பொறுப்பு எட்வின் லட்யன்ஸ், ஹெர்பர்ட் பேக்கர் என்ற இரு கட்டடக் கலைஞர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நகரின் மையமாக அவர்கள் கிழக்கு மேற்காக ஒரு நேர்கோட்டை வரைந்தனர். மேற்கு முனையில் குன்றின்மேல் வைசிராய் மாளிகை. அதன் முன்னே இருபுறமும் தலைமைச் செயலகக் கட்டடங்கள். அங்கிருந்து கிழக்கு நோக்கி இறங்கும் அகன்ற சாலைதான் கிங்ஸ்வே. அதாவது, மன்னரின் வழி. அதை வடக்கு தெற்காகக் குறுக்கிட்ட சாலைக்கு ‘குவீன்ஸ்வே’, அரசியின் வழி, என்று பெயரிட்டனர்.

பழைய டில்லியின் சந்துகளுக்கு நேர்மாறாக இச்சாலை அமைந்தது. அங்கே வீடும் கடையும் கோயிலும் பள்ளிவாசலும் நெருங்கி நின்றன. இங்கே வீடும் இல்லை, கடையும் இல்லை. சாலையின் இருமருங்கிலும் புல்வெளிகள், நீண்ட நீர்வாய்க்கால்கள், வரிசை வரிசையாக நாவல் மரங்கள் ஆகியவையே இருந்தன. இது மக்கள் பொருள் வாங்கவும் விற்கவும் போடப்பட்ட வீதியன்று. ஊர்வலங்கள் செல்வதற்காகவும், அவற்றைக் காண்போர் ஆட்சியின் ஆற்றலை எண்ணி வியப்பதற்காகவும் போடப்பட்ட வீதி. தமிழில் ‘இராசபாட்டை’ என்றொரு சொல் உண்டு. அச்சொல்லுக்கு இலக்கணமாக இச்சாலை விளங்கியது எனலாம்.

கட்டுமானத்துக்கான செந்நிற, வெண்மஞ்சள் நிற மணற்கற்கள் ராஜஸ்தானின் தோல்பூர் முதலிய இடங்களிலிருந்து வந்தன. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். முதல் உலகப் போரால் வேலை தாமதமானது. 1931 பிப்ரவரியில்தான் புதுடில்லி முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. அதன்பின் ஆங்கிலேயர் அங்கிருந்து ஆண்ட காலம் 17 ஆண்டுகூட இல்லை.

இந்நகர அமைப்பில் கவனிக்கத்தக்க செய்தி இன்னொன்றும் உண்டு. முதலில் வரையப்பட்ட திட்டத்தில் நாடாளுமன்றத்துக்கெனத் தனிக் கட்டடமே இல்லை. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களின் பயனாகச் சட்டமன்றம் விரிவடைந்த பிறகுதான் அதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. ஆகவே, 1927இல் திறக்கப்பட்ட வட்ட வடிவ நாடாளுமன்றக் கட்டடம், மைய நேர்கோட்டில் இடம்பெறாமல் ஓரமாக அமைந்தது. மன்னரின் பிரதிநிதிக்குக் குன்றின் உச்சி. மக்களின் பிரதிநிதிகளுக்குச் சாலையின் ஓரம். அக்கால ஆட்சியாளர்கள் யாருக்கு எவ்வளவு மதிப்புத் தந்தார்கள் என்பதை நகரின் வரைபடமே காட்டிவிடுகிறது.

ஏற்றத்தில் மறைந்த மாளிகை

எவ்வளவு கவனமாகத் திட்டமிட்டாலும் ஒரு பிழை நேர்ந்தது. கிங்ஸ்வேயில் எங்கு நின்று பார்த்தாலும் வைசிராய் மாளிகை கண்ணில் பட வேண்டும் என்பது லட்யன்ஸின் விருப்பம். தொடக்கத்தில் குன்றின் உச்சி முழுவதும் அம்மாளிகைக்கே உரியதாக இருந்தது. செயலகக் கட்டடங்களும் அதே மேடையில் அமைய வேண்டும் என்று பேக்கர் வலியுறுத்தினார். லட்யன்ஸ் அதற்கு ஒப்புக்கொண்டார். அதன் விளைவாக, செயலகங்கள் மேடையின் முன்விளிம்புக்கு வந்தன. மாளிகை பின்னுக்குத் தள்ளப்பட்டது.

சாலை, செயலகங்களுக்கு இடையே குன்றின்மேல் ஏறிச் செல்கிறது. இங்கேதான் சிக்கல் எழுந்தது. மாடிப்படியின் அடியில் நிற்கும் ஒருவருக்கு மேல்தளத்தின் உட்பக்கத்தில் உள்ள மேசை தெரியாது. படியின் உச்சி விளிம்பு பார்வையை மறைத்துவிடும். அதுபோலவே, தொலைவில் முழுமையாகத் தோன்றும் மாளிகை, குன்றின் அடிவாரத்தை நெருங்க நெருங்க மெல்ல மெல்லக் கீழிறங்குகிறது. இன்று ‘விஜய் சௌக்’ எனப்படும் சதுக்கத்தை அடையும்போது அதன் குவிமாடத்தின் மேற்பகுதி மட்டுமே தெரிகிறது. ஏற்றத்தில் ஏறி முடித்த பிறகே மாளிகை மீண்டும் வெளிப்படுகிறது.

இதை லட்யன்ஸ் உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. சாலையின் சரிவை வெட்டிக் குறைக்குமாறு அவர் பலமுறை வேண்டினார். செலவு மிகும் என்று கூறி அரசு மறுத்துவிட்டது. நண்பர்களாக இருந்த இரு கலைஞர்களுக்கும் இடையே பகை மூண்டது. அந்தச் சரிவு இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. உலகமே அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று கட்டப்பட்ட மாளிகை, அருகில் வருவோரின் கண்ணுக்கு மறைந்துபோவது ஒரு விந்தையே.

வளைவில் உள்ள பெயர்கள்

சாலையின் கிழக்கு முனையில் 42 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது இந்தியா கேட். இதற்கு 1921இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1931இல் இது திறக்கப்பட்டது. முதல் உலகப் போரில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பிரிட்டிஷ் அரசுக்காகக் கடல் கடந்து சென்றனர். பிரான்சிலும், மெசப்பொட்டேமியாவிலும், கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அவர்கள் போரிட்டனர். உயிர் நீத்த ஏறத்தாழ 70,000 பேரின் நினைவாகவே இவ்வளைவு எழுப்பப்பட்டது. முதல் உலகப் போரிலும் 1919ஆம் ஆண்டு ஆப்கான் போரிலும் மறைந்தவர்களுள் 13,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இதன் சுவர்களில் செதுக்கப்பட்டுள்ளன.

அவ்வீரர்கள் தங்கள் நாட்டை அடிமைப்படுத்தியவர்களுக்காகப் போரிட்டவர்கள். ஆயினும், அவர்களும் ஏழை உழவர் வீட்டுப் பிள்ளைகளே. இன்றைக்கும் அவர்களின் பேரப்பிள்ளைகள் அவ்வளைவில் தம் முன்னோரின் பெயரைத் தேடி வருகிறார்கள்.

வளைவுக்குச் சற்றுக் கிழக்கே ஒரு கல் மண்டபம் உள்ளது. 1936இல் மறைந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பளிங்குச் சிலை அம்மண்டபத்தின்கீழ் நிறுவப்பட்டது. சாலையின் ஒரு முனையில் மன்னரின் பிரதிநிதி, மறுமுனையில் மன்னரின் சிலை என்று கிங்ஸ்வே தன் பெயருக்கு ஏற்ப நிறைவு பெற்றது. அந்த நிறைவு நீண்டநாள் நீடிக்கவில்லை.

சிங்கப்பூரில் எழுந்த முழக்கம்

கிங்ஸ்வேயிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில், 1943 ஜூலை 5ஆம் நாள், சிங்கப்பூரின் பாடாங் திடலில் இந்திய தேசிய இராணுவம் அணிவகுத்து நின்றது. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அவ்வீரர்களின் முன் நின்று, “டில்லிக்குச் செல்வோம்” என்று பொருள்படும் ‘சலோ டில்லி’ என்ற முழக்கத்தை எழுப்பினார். டில்லிச் செங்கோட்டையில் வெற்றி அணிவகுப்பு நடத்துவதே அவர்களின் இலக்கு. அவர்கள் எதிர்த்த ஆட்சியின் தலைமைப்பீடமோ கிங்ஸ்வேயின் உச்சியில் இருந்தது.

அப்படையில் பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து போர்க்கைதியானவர்கள் இருந்தனர். அவர்களோடு மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த பொதுமக்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத தோட்டப்புறப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தனர். மருத்துவர் இலட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணி மகளிர் படை உருவானது. பால்மரம் வெட்டிய பெண்கள் பலர் அதில் துப்பாக்கி ஏந்தினர். கோலாலம்பூரைச் சேர்ந்த இளம்பெண் ஜானகி அப்படையில் உயர் பொறுப்பு வகித்தார். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்ட அவர், மலாயா இந்தியர் காங்கிரசை உருவாக்கியவர்களுள் ஒருவருமாவார்.

1944இல் இம்பால் போர்முனையில் இந்திய தேசிய இராணுவமும் ஜப்பானியப் படையும் தோல்வியுற்றன. பசியும் நோயும் பலரைப் பலிகொண்டன. எஞ்சியோர் பர்மாவின் மழைக்காடுகளின் வழியே பின்வாங்கினர். படையாக அவர்கள் டில்லியை அடையவில்லை.

1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையோரம், உயிர் நீத்த அப்படையின் பெயர் தெரியாத வீரர்களுக்காக ஒரு நினைவுச் சின்னத்துக்குப் போஸ் அடிக்கல் நாட்டினார். சில வாரங்களில் திரும்பி வந்த பிரிட்டிஷ் படையினர் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். பிரிட்டனுக்காக மாண்டவர்களுக்கு டில்லியில் 42 மீட்டர் வளைவு. பிரிட்டனை எதிர்த்து மாண்டவர்களுக்குச் சிங்கப்பூரில் ஒரு சிறு நினைவுக்கல்கூட மிஞ்சவில்லை. யாருடைய பெயர் கல்லில் நிலைக்க வேண்டும் என்பதை அக்காலத்தில் ஆட்சியில் இருந்தவர்களே முடிவு செய்தனர்.

மக்கள் வெள்ளம் புகுந்த நாள்

1947 ஆகஸ்டு 15ஆம் நாள் மாலை, இந்தியா கேட் அருகில் உள்ள பிரின்சஸ் பூங்காவில் விடுதலை இந்தியாவின் கொடியேற்று விழாவுக்கு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. படைகள் அணிவகுக்க வேண்டும். மௌண்ட்பேட்டன் பிரபு குதிரை வண்டியில் வந்து மேடையேற வேண்டும். பிறகு கொடியேற்றம் என்று நிகழ்ச்சி நிரல் வகுக்கப்பட்டிருந்தது.

நடந்ததோ வேறு. யாரும் எதிர்பாராத அளவுக்கு மக்கள் திரண்டனர். இருக்கைகளும் தடுப்புகளும் கூட்டத்துக்குள் மறைந்தன. அணிவகுப்புக்கு இடமே இல்லாமல் போனது. மௌண்ட்பேட்டனின் வண்டி மக்கள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டது. அவரால் கீழே இறங்கவே முடியவில்லை. வண்டியில் நின்றபடியே அவர் சைகை காட்ட, மூவண்ணக் கொடி ஏற்றப்பட்டது. மன்னரின் ஊர்வலத்துக்காகப் போடப்பட்ட சாலையில், அன்று மன்னரின் பிரதிநிதியாக இருந்தவருக்கே வழி கிடைக்கவில்லை. சட்டப்படி நாடு விடுதலை பெற்றது நள்ளிரவில் என்றாலும், அச்சாலை விடுதலை பெற்றது அந்த மாலையில்தான் எனலாம்.

ஆறு மாதம்கூட முழுதாகக் கழியவில்லை. 1948 ஜனவரி 31ஆம் நாள் அதே மக்கள் கண்ணீரோடு அங்கே கூடினர். முந்தைய நாள் சுட்டுக் கொல்லப்பட்ட காந்தியடிகளின் இறுதி ஊர்வலம் நினைவு வளைவைக் கடந்து யமுனை ஆற்றங்கரை நோக்கிச் சென்றது. கடைசியாக ஒருமுறை அவரைக் காண வேண்டும் என்ற தவிப்பில் மரங்களின்மீதும் விளக்குக் கம்பங்களின்மீதும் மக்கள் ஏறி நின்றனர்.

மன்னரின் வழி, குடியரசின் வழி

விடுதலைக்குப் பின் கிங்ஸ்வே ‘ராஜ்பாத்’ ஆனது. குவீன்ஸ்வே ‘ஜன்பாத்’, அதாவது மக்கள் பாதை, ஆனது. அரசியின் வழியை மக்களின் வழியாக மாற்றியவர்கள், மன்னரின் வழியை மட்டும் ஏறக்குறைய மொழிபெயர்த்து விட்டுவிட்டார்கள் என்று சிலர் கருதுகின்றனர். இந்தியில் ‘ராஜ்’ என்பது அரசனை மட்டுமன்றி ஆட்சியையும் குறிக்கும். ஆகவே, அது குடியரசுக்கும் பொருந்தும் பெயரே என்பது வேறு சிலர் கருத்து.

1950 ஜனவரி 26இல் இந்தியா குடியரசானது. முதல் அணிவகுப்பு இச்சாலையில் நடைபெறவில்லை. இதன் கிழக்கு முனைக்கு அப்பால் இருந்த இர்வின் விளையாட்டரங்கத்தில் நடைபெற்றது. இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ அவ்விழாவின் சிறப்பு விருந்தினர். அடுத்த சில ஆண்டுகளில் அணிவகுப்பு வெவ்வேறு இடங்களில் நடந்தது. 1955 முதல் ராஜ்பாத் அதன் நிரந்தர இடமானது. மன்னரின் வலிமையைக் காட்டப் போடப்பட்ட அதே சாலையில், மக்கள் தேர்ந்தெடுத்த அரசு தன் படைகளோடு நாட்டின் பல்வேறு மொழிகளையும் கலைகளையும் ஊர்வலமாகக் கொண்டுவரத் தொடங்கியது. 2018ஆம் ஆண்டு அணிவகுப்பில் மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட பத்து ஆசியான் நாடுகளின் தலைவர்கள் ஒன்றாக அமர்ந்தனர்.

விழா நாள்களில் மட்டும் மக்கள் இங்கே கூடவில்லை. 1988இல் கரும்புக்கு நல்ல விலை, மின்கட்டணக் குறைப்பு முதலிய கோரிக்கைகளோடு உழவர்கள் இலட்சக்கணக்கில் வந்தனர். சாலையோரப் புல்வெளிகளில் மாடுகளோடும் மாட்டு வண்டிகளோடும் அவர்கள் நாள்கணக்கில் தங்கினர். பிற்பாடு அங்கே கூட்டம் கூடத் தடை வந்தது. ஆயினும், 2012 டிசம்பரில் பெண்களின் பாதுகாப்பை வலியுறுத்தி மாணவர்கள் மீண்டும் அங்கே திரண்டார்கள். குளிரில் பீய்ச்சி அடிக்கப்பட்ட நீரையும் பொருட்படுத்தாமல் அவர்கள் நின்றார்கள். அதன்பின் நாட்டின் சட்டங்கள் கடுமையாக்கப்பட்டன.

வெறுமையான மண்டபம்

கல் மண்டபத்திலிருந்த மன்னரின் சிலை விடுதலைக்குப் பிறகும் இருபது ஆண்டுகள் அங்கேயே நின்றது. 1968இல் அது அகற்றப்பட்டு, வடக்கே தர்பார் நடந்த திடலில் வைக்கப்பட்டது. தலைநகர் மாற்றத்தை எந்த இடத்தில் அறிவித்தாரோ, அதே இடத்துக்கு மன்னர் சிலையாகத் திரும்பிச் சென்றார்.

அதன்பின் மண்டபம் காலியாகவே இருந்தது. காந்தியடிகளின் சிலையை வைக்கலாமா என்று பல காலம் பேசப்பட்டது. பேரரசரின் இருக்கையில் எளிமையின் வடிவானவரை அமர்த்துவது தகுமா என்ற கேள்வியும் எழுந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அம்மண்டபம் யாருக்கும் இடம் தராமல் நின்றது. மன்னர் இல்லாத நாட்டுக்கு வெற்று மண்டபமே பொருத்தமான சின்னம் என்று கூறியவர்களும் உண்டு.

இதற்கிடையே, நினைவு வளைவின் அடியில் 1972இல் ஓர் அணையா விளக்கு ஏற்றப்பட்டது. 1971ஆம் ஆண்டுப் போரில் உயிர் நீத்த வீரர்களுக்கான விளக்கு அது. 2019இல் அருகிலேயே தேசியப் போர் நினைவிடம் திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் நாட்டுக்காக உயிர் கொடுத்தோரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டன. 2022இல் அணையா விளக்கின் சுடர் அந்நினைவிடத்துச் சுடரோடு இணைக்கப்பட்டது.

2019ஆம் ஆண்டுக் குடியரசு தின அணிவகுப்பில் இன்னொரு காட்சியும் காணக் கிடைத்தது. தொண்ணூறு வயதைக் கடந்த நான்கு முதியவர்கள் திறந்த வண்டியில் வந்தார்கள். அவர்கள் இந்திய தேசிய இராணுவத்தின் முன்னாள் வீரர்கள். “டில்லிக்குச் செல்வோம்” என்ற முழக்கம் ஒலித்து ஏறத்தாழ 76 ஆண்டுகள் கழித்து, அப்படையினர் முதன்முறையாக அந்த அணிவகுப்பில் இடம்பெற்றனர்.

கடமைப் பாதை

2022 செப்டம்பர் 8ஆம் நாள், புதுப்பிக்கப்பட்ட சாலையை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். சாலையின் பெயர் ‘கர்த்தவ்ய பாத்’ என மாறியது. ‘கர்த்தவ்ய’ என்றால் கடமை. ஆள்வோர்க்கும் மக்களுக்கும் அவரவர் கடமையை இப்பெயர் நினைவூட்டும் என்று அரசு விளக்கியது. அதே நாளில், வெறுமையாக இருந்த மண்டபத்தின்கீழ் நேதாஜியின் 28 அடி உயரக் கருங்கல் சிலை திறக்கப்பட்டது. பாடாங் திடலில் டில்லியை நோக்கிக் கை நீட்டியவர், மன்னர் நின்ற அதே இடத்தில் சிலையாக நின்றார்.

இப்பணிகளை எல்லாரும் வரவேற்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் இவ்வளவு பெரிய செலவு தேவையா என்று சிலர் கேட்டனர். பழைய மரங்களும், பொதுமக்கள் தடையின்றி உலவிய புல்வெளிகளும் என்னவாகும் என்று வேறு சிலர் கவலைப்பட்டனர். நடைபாதைகளும் பாலங்களும் மேம்பட்டு, மக்களுக்கு வசதி கூடியிருக்கிறது என்போரும் உள்ளனர். ஒரு சாலையைப் பற்றி ஒரு நாட்டு மக்கள் இவ்வளவு வாதிடுவது, அதைத் தங்கள் சொத்தாக அவர்கள் கருதுவதையே காட்டுகிறது.

நாவல் மர நிழலில்

அணிவகுப்பு முடிந்து, நாற்காலிகள் அகற்றப்பட்ட பிறகு இச்சாலை வேறொரு முகத்தைக் காட்டுகிறது. கோடைக்கால மாலைகளில் டில்லி மக்கள் குடும்பம் குடும்பமாக இங்கு வருகிறார்கள். ஐஸ்கிரீம் வண்டிகளைச் சிறுவர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். மழைக்காலம் தொடங்கும்போது, நூறாண்டுக்கு முன் திட்டமிட்டு நடப்பட்ட நாவல் மர வரிசைகளில் பழங்கள் கனிந்து உதிர்கின்றன. ஔவையாரிடம் சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று சிறுவனாக வந்த முருகன் கேட்ட அதே நாவல் பழந்தான் அது. மன்னருக்கு நிழல் தர நட்ட மரங்களின் கனியை இன்று வழிப்போக்கரும் பொறுக்கித் தின்கிறார்கள்.

மலேசியாவிலும் இத்தகைய சாலைகள் உள்ளன. கோலாலம்பூரின் பழைய பத்து சாலை, நாட்டின் முதல் மாமன்னரின் பெயரால் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் ஆனது. பிரிக்பீல்ட்ஸ் சாலை, விடுதலைக்குப் பாடுபட்ட தலைவரின் பெயரால் ஜாலான் துன் சம்பந்தன் ஆனது. பெயர்ப்பலகையைப் படித்துவிட்டுக் கடந்து செல்வோர் பலர். அப்பெயர் எப்போது வந்தது, அதற்கு முன் என்ன பெயர் இருந்தது, அங்கே யார் நடந்தார்கள், யார் வெளியேற்றப்பட்டார்கள் என்று கேட்போர் சிலரே.

புதுடில்லியின் சாலைக்கு ஆட்சியாளர்கள் மூன்று முறை பெயர் சூட்டினார்கள். சிலைகள் வந்தன, சென்றன. ஆனால், 1947இல் வண்டிக்கு வழிவிடாமல் திரண்ட கூட்டமும், 1948இல் கண்ணீரோடு நின்ற கூட்டமும், மாட்டு வண்டியோடு வந்த உழவர்களும், குளிரில் நனைந்து நின்ற மாணவர்களும் எந்தப் பெயர்ப்பலகையிலும் இடம்பெறவில்லை. மன்னருக்காகப் போடப்பட்ட அந்த வழியை மக்களின் வழியாக மாற்றியவர்கள் அவர்களே.